குடிக்காதவன் கையில் சாவி

தேயிலைத் தோட்டம், மேற்பிரிவு லயம்,
கலஹா.
8.3.1998

அன்புத் தங்கச்சி சந்திரிகாவுக்கு,

அண்ணன் கறுப்பையா எழுதுவது. இங்கே நானும் மகள் லீலாவதியும் சுகம். வவுனியாவில் நீயும் மச்சான் இராமகிருஷ்ணனும் எப்படி? ஷெல் சத்தத்துக்கு மேலே உன் வாய்ச் சத்தம்தான் கேட்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்பது முறை.

முதலில் நல்ல சேதி. அவளுக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. மஹய்யாவயில் தையல்கடை வைத்திருக்கும் ஞானசேகர் என்ற பையன். பேசினால் வாயிலிருந்து ஊசியை எடுத்துவிட்டுத்தான் பேசுகிறான், அவ்வளவு மரியாதை. ஆவணியில் கல்யாணம். உன் அண்ணி மூக்காயி போய் இரண்டு வருசத்தில் இந்த வீட்டில் இப்போதுதான் பலகார வாசனை வந்திருக்கிறது.

அடுத்தது, உன் அண்ணனுக்கு ஒரு பதவி கிடைத்திருக்கிறது. போன கிழமை கண்டியிலிருந்து சுகாதார அதிகாரி ஒருவர் வந்தார். நாட்டில் ஆம்பிளைகள் தற்கொலை செய்துகொள்வது கூடிவிட்டதாம். அதைத் தடுக்க அரசாங்கம் கமிட்டி போட்டிருக்கிறதாம். மரக்கறிக்கு அடிக்கிற பூச்சிமருந்தை இனி யாரும் வீட்டில் வைக்கக்கூடாது, எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் பூட்டிப் பொறுப்பான ஒருவரிடம் சாவியைக் கொடுங்கள் என்று சொல்லி, சுவரில் ஒரு படத்தையும் ஒட்டினார். படத்தில் ஒருவன் சாராயப் போத்தலோடு தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான்.

நம் சனம் படத்தைப் பார்த்தது. அப்புறம் லயத்தில் குடிக்காதவன் யார் என்று பார்த்தது. கங்காணி கறுப்பையா ஒருவன்தான். சாவி என் அரைஞாண் கயிற்றில் ஏறிவிட்டது. படத்தில் இருப்பவன் பக்கத்து வீட்டு வீரமுத்துவை உரித்து வைத்தாற்போல இருந்ததால், அவனுக்கு முறைபோட்டுக் காவல். வேளைக்கு ஒருவர் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கிறார்கள். ஆள் இப்போதே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான்.

திகன முஹைதீன் நானாவின் லொறி உங்கள் பக்கம் வருகிறது. என் ரேடியோவைக் கொடுத்து அனுப்புகிறேன். மச்சான் வைத்துக்கொள்ளட்டும். எனக்கு இனி அது தேவைப்படாது.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

அண்ணன்
கறுப்பையா

*

வவுனியா
2.4.1998

பாசமுள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கச்சி சந்திரிகா கும்பிட்டு எழுதுவது. நாங்கள் எல்லோரும் இருக்கிறோம். கோழிகளும் இருக்கின்றன. ஷெல் விழுந்தாலும் அவை முட்டையிடுவதை நிறுத்தவில்லை, எனக்கு அதில் பெருமை.

லீலாவுக்குக் கல்யாணம் என்றதும் நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். எழுபத்தேழு கலவரத்தில் லயத்தைக் கொளுத்தியபோது நாங்கள் இந்தப் பக்கம் ஓடிவந்தோம், நீங்கள் அசையாமல் அங்கேயே நின்றீர்கள். அன்றைக்கு உங்கள் இடுப்பில் இருந்த குழந்தைக்கு இன்றைக்குக் கல்யாணம். வவுனியாவை விட்டு வெளியே வர ஆமிக்காரனின் பாஸ் கிடைத்தால் பறந்து வருவேன். இங்கே பாஸ் வாங்குவதற்கு மாப்பிள்ளை பார்ப்பதே மேல்.

நீங்கள் சாவிக்காரர் ஆனதை உங்கள் மச்சானிடம் சொன்னேன். உன் அண்ணன் பூட்டினால் எமன்கூட மனுப் போட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்று சிரித்தார். வீரமுத்து அண்ணனை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. எனக்கும் யாராவது முறைபோட்டுச் சோறு கொண்டுவந்தால் நானும் தலையில் கைவைத்து உட்காருவேன்.

ரேடியோ வந்து சேர்ந்தது. இவர் அதைக் காதைவிட்டு எடுப்பதில்லை. ஆனால் அண்ணே, அண்ணி தொடக்கூட விடாமல் நீங்கள் வைத்திருந்த ரேடியோ அல்லவா அது? ஏன் தேவைப்படாது?

பதில் போடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி
சந்திரிகா

*

கலஹா
26.4.1998

என் தங்கச்சிக்கு,

சித்திரை வருசப்பிறப்பு நல்லபடி போனது. நாங்கள் நலம். உன் வீட்டில் பால் பொங்கியதா?

ரேடியோவைப் பற்றிப் பெரிதாக நினைக்காதே. ஒரே சேதியைத்தானே திரும்பத் திரும்பச் சொல்கிறது.

கல்யாண வேலை ஓடுகிறது. கூறைச்சேலை எடுக்கக் கண்டிக்குப் போனோம். மாப்பிள்ளையே தையல்காரன் என்பதால் கடைக்காரன் எடுத்துப்போட்ட சேலையை எல்லாம் பின்பக்கம் திருப்பி நூலைப் பார்த்தான். கடைக்காரன் அழாத குறை. அப்படியே ஸ்டூடியோவுக்குப் போய் என்னைத் தனியாக ஒரு பெரிய படம் எடுத்துக் கண்ணாடி போட்டு வாங்கி வந்தேன். நன்றாக வந்திருக்கிறது. மீசையைக் கறுப்பாக்கியிருக்கிறான்.

பசுவை வீரமுத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு யார் புல் அறுப்பது? காவல் காக்கிற கூட்டத்துக்குத் தேத்தண்ணி போடப் பால் பற்றவில்லை என்று அவன் பெண்சாதி புலம்பிக்கொண்டிருந்தாள். இப்போது பால் உண்டு, கூட்டமும் கூடிவிட்டது. அங்கே தினமும் கடுதாசிக் கட்டை வைத்துச் சீட்டு விளையாட்டு நடக்கிறது. தன்னைப் பிழைக்கவைக்க வந்தவர்களை எல்லாம் அவன் தோற்கடித்து அனுப்புகிறான்.

எனக்குத் தூக்கம்தான் கொஞ்சம் குறைவு. வயசு.

ஒன்று கேட்கவேண்டும். லீலாவுக்குத் தாய் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு நீதான் அவளுக்குத் தாயும் தகப்பனும். எனக்கு வாக்குக் கொடு.

உன் அண்ணன்
கறுப்பையா

*

வவுனியா
9.5.1998

அண்ணனுக்கு,

சந்திரிகா எழுதுவது. இங்கே சுகம். நீங்கள் சுகமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

கூறைச்சேலைக் கதையைப் படித்துச் சிரித்தேன். ஆனால் அடுத்த வரியில் நின்றுவிட்டேன். தனியாகப் பெரிய படம் எதற்கு? நம் லயத்தில் ஐடென்டிக் கார்டுக்குச் சின்னப் படம் எடுப்பார்கள். ஒற்றை ஆளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டுவது மாலை போடத்தானே. மகளோடு மாப்பிள்ளையோடு நின்று எடுத்திருக்கலாமே.

தாயாக இருக்க எனக்குச் சம்மதம். தகப்பனாக இருக்கமாட்டேன். அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

ஜனவரியில் தலதா மாளிகையில் குண்டு வெடித்த பிறகு கண்டிப் பக்கம் தமிழ் ஆட்களைப் பிடித்து விசாரித்தார்கள் என்று கேள்விப்பட்டோம். நீங்கள் அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. வீட்டுக் கூரையில் குரங்கு ஏறினாலும் இரண்டு பக்கம் எழுதுகிறவர் நீங்கள். உங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லையே?

உடனே பதில்.

சந்திரிகா

*

கலஹா
27.5.1998

மதிப்புக்குரிய அத்தைக்கு,

லீலாவதி எழுதிக்கொள்கிறேன். மாமாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. நீங்கள் எனக்குத் தனியாக எழுதிய கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குத் தெரியாமல் படித்துவிட்டு அரிசிப் பானைக்குள் வைத்தேன். அப்பாவே அரிசி எடுக்க வந்துவிட்டார். பானைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் கேட்டது உண்மைதான் அத்தை. பெப்ரவரியில் அப்பா கொழுந்து பறிக்கிற பொம்பிளைகளோடு லொறியில் வந்தபோது வழியில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கியிருக்கிறார்கள். கார்டில் ஏதோ எழுத்து அழிந்திருந்ததாம். என் வயசு ஆமிப் பையன் ஒருவன், எல்லோரும் பார்த்திருக்க, அப்பாவைக் கன்னத்தில் அறைந்தானாம். அப்புறம் இரண்டு நாள் அடைத்து வைத்தார்கள். வந்தவர் குளித்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, சோறு போடு" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பார்த்த பொம்பிளைகளும் அவர் மானத்துக்காக வாயைத் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அப்பா முன்னைவிட அதிகமாகப் பகிடி பேசி எல்லோரையும் சிரிக்கவைக்கிறார். ஆனால் ஆட்களோடு உட்காருவதில்லை. அலுமாரியில் என் சாமான், உங்கள் பங்கு, அம்மாவின் தோடு என்று எல்லாவற்றையும் பிரித்து வைத்திருக்கிறார். அவருடைய உடுப்பை மட்டும் காணோம். எனக்குப் பயமாக இருக்கிறது. கல்யாணத்தைத் தள்ளிப்போடட்டுமா?

அன்புள்ள மருமகள்
லீலாவதி

*

வவுனியா
5.6.1998

அண்ணே,

இந்தக் கடிதத்தில் நான் நலம் விசாரிக்கப்போவதில்லை. விசாரித்தால் சுகம் என்று எழுதிவிடுவீர்கள்.

லயத்துக்காரர்கள் தப்பான ஆளுக்குக் காவல் போட்டிருக்கிறார்கள். குடிக்கிறவன்தான் சாவான், குடிக்காதவனுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து, சாவியைக் கொண்டுவந்து உங்கள் இடுப்பிலேயே கட்டியிருக்கிறார்கள். அதையும் வாங்கிக் கட்டிக்கொண்டு எனக்குப் பகிடியாக எழுதியிருக்கிறீர்கள்.

நேராகவே கேட்கிறேன். அண்ணே, செத்துப்போகணும்னு நெனைக்கிறீங்களா?

ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். நான் திட்டமாட்டேன். அழுதுவிட்டுப் பதில் எழுதுவேன். சாவடியில் நடந்தது எனக்குத் தெரியும். அறைந்தவனுக்குத்தான் அது வெட்கம். உங்கள் கன்னத்தை நான் சின்ன வயசில் கடித்திருக்கிறேன், அது எப்படிப்பட்ட கன்னம் என்று எனக்குத் தெரியாதா?

சாவியை இன்றைக்கே வேறு யாரிடமாவது கொடுங்கள். சும்மா கொடுக்காதீர்கள், ஏன் என்று சொல்லிக் கொடுங்கள். சொன்னால் பொலிஸ் வரும், கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று பயப்படவேண்டாம். உங்கள் ரேடியோவில்தான் கேட்டோம். சாகப் பார்த்தவனைக் குற்றவாளி ஆக்கும் சட்டத்தையே அரசாங்கம் எடுத்துவிட்டது.

உங்களைத் தனியே விடவேண்டாம் என்று லீலாவுக்கும் எழுதியிருக்கிறேன். ஒளித்துச் செய்யவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

நீங்கள் எனக்கு வேண்டும் அண்ணே. வேறு காரணம் எழுத எனக்குத் தெரியவில்லை.

சந்திரிகா

*

வவுனியா
2.7.1998

அண்ணே,

பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளைத் திருப்பி வேறு ஒழுங்கை வழியாக விடுகிறார். தோட்டத்து ஒபீசுக்கு டெலிபோன் எடுத்தேன். கிளாக்கர் ஐயா நீங்கள் கொழுந்து மலையில் நிற்பதாகச் சொன்னார். நிற்கிறார் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிட்டேன்.

பாஸுக்கு மறுபடியும் போனேன். பயணத்தின் காரணம் என்ன என்று கேட்டார்கள். அண்ணனிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன், பதில் வாங்கப் போகிறேன் என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்தாலும் நினைக்கட்டும், பாஸைக் கொடுத்தால் போதும்.

வெறும் காகிதத்தையாவது மடித்து அனுப்புங்கள்.

தங்கச்சி

*

கலஹா
14.7.1998

என் அன்புச் சந்திரிகாவுக்கு,

நான் இருக்கிறேன். முதலில் அதைப் படி, மூச்சை விடு, அப்புறம் மிச்சத்தைப் படி.

எழுதி எழுதிக் கிழித்தேன். இந்த முறை கிழிக்கமாட்டேன். நீ கேட்டதற்குப் பதில் ஆமாம். கல்யாணம் முடியட்டும், அதற்குப் பிறகு என்னால் யாருக்கும் என்ன பயன் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். தினமும் காலையில் பெண்டுகளைக் கொழுந்துக்கு அனுப்பும்போது, இவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தவர்கள் என்று மனசு சொல்லிக்கொண்டே இருக்கும். வெளியில் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். லீலா நிழல் மாதிரி என் பின்னால் வந்தாள். கழிப்பறை வாசலிலும் நின்று பாட்டுப் பாடினாள். அவளுக்குப் பாட வராது என்று உனக்குத் தெரியும். இந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முற்றத்தில் கூட்டம் நடந்தது. அதே சுகாதார அதிகாரி வந்திருந்தார். பெட்டி எப்படிப் போகிறது என்று விசாரித்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன். சாவியை அவிழ்க்கக் கை வரவில்லை, முடிச்சு இறுகியிருந்தது. இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடியே சொன்னேன்.

"இந்தச் சாவிய என்கிட்ட வைக்காதீங்க. எனக்கே சாகணும்னு இருக்கு."

சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. சாவடி, அறை, அந்த இரண்டு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். தலையை நிமிர்த்தவில்லை.

அப்போது வீரமுத்து எழுந்து வந்தான். "அண்ணே, எனக்கும்தான் விட்டானுக. ரெண்டு பக்கமும்" என்றான். பின்னாலிருந்து இன்னொருவன் தனக்கும் என்றான். பூசாரி தன்னை முட்டிபோட வைத்ததாகச் சொன்னார். சந்திரிகா, நம் லயத்தில் அடிவாங்காத ஆம்பிளை பாதிகூட இல்லை. அத்தனை பேரும் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்து, வீட்டிலும் சொல்லாமல் திரிந்திருக்கிறார்கள். யாருக்கு விழுந்த அடி பலம் என்று வீரமுத்து சண்டை பிடிக்க ஆரம்பித்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்தபோது பாதிப் பேர் அழுதுகொண்டிருந்தோம்.

அதிகாரி நல்ல மனுசன். ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இது குற்றமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை, வைத்தியம் உண்டு என்றார். பேராதனையில் ஒரு டொக்டரிடம் தானே கூட்டிக்கொண்டு போனார். வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். குளிசையும் தந்தார்கள், என்னைப் பேசவும் விட்டார்கள். தூக்கம் கொஞ்சம் வருகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். காலை நேரம் இன்னும் கஷ்டம்தான்.

சாவி யாரிடம் என்று கேட்பாய். அன்றைக்கே பெரிய வாக்குவாதம் நடந்தது. இனிக் குடிக்காதவன், பொறுப்பானவன், நல்லவன் என்று யாரையும் நம்புவதில்லை என்று பெண்டுகள் சொல்லிவிட்டார்கள். கடைசியில் லீலாதான் எழுந்து, இந்த லயத்தில் ஒரு நிமிசமும் தனியாக இல்லாத ஆள் யார் என்று கேட்டாள். சாவி வீரமுத்துவிடம் போய்விட்டது. அவன் கண்ணீர் விட்டு வாங்கினான். என் பெண்சாதிகூட என்னிடம் வீட்டுச் சாவி தந்ததில்லை என்றான்.

வா, முடிந்தால்.

அண்ணன்

*

வவுனியா
24.7.1998

என் தங்கமான அண்ணனுக்கு,

கடிதத்தைத் தபால்காரர் முன்னாலேயே உடைத்து, அவர் முன்னாலேயே அழுது, அவருக்குத் தேத்தண்ணியும் கொடுத்தேன். இப்போது அவர் எங்கள் ஒழுங்கையால்தான் வருகிறார்.

திட்டமாட்டேன் என்று எழுதியிருந்தேன். வாக்கைக் காப்பாற்றுகிறேன். ஆனால் அந்த மீசை கறுப்பாக்கிய படத்தை மட்டும் நான் வந்து பார்க்கும்போது சுவரில் காணக்கூடாது.

ஆமாம், வருகிறேன். பாஸ் கிடைத்துவிட்டது. காரணம் என்ற இடத்தில் இந்த முறை கல்யாணம் என்று சொன்னேன். பதில்தான் வந்துவிட்டதே. லீலாவிடம் சொல்லுங்கள், கல்யாணத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடவேண்டாம். காலை நேரம் கஷ்டம் என்றால் காலையில் நான் இருப்பேன்.

வந்துகொண்டிருக்கும்
சந்திரிகா

*

கலஹா
20.9.1998

அன்புள்ள மச்சான் இராமகிருஷ்ணனுக்கு,

கறுப்பையா எழுதுவது. நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்திரிகா இங்கே இருக்கும்போது அங்கே அமைதிக்கு என்ன குறை?

கல்யாணம் சிறப்பாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு வான் வண்டியில் போகும்போது அதே சாவடியில் நிறுத்தினார்கள். முன்பென்றால் ஏதாவது பகிடி விட்டிருப்பேன். இந்த முறை சம்பந்தி வீட்டுக்காரர்கள் எல்லோரும் கேட்க, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னேன். உங்கள் பெண்சாதி ஒரு கையைப் பிடித்தாள். மாப்பிள்ளை மாலையோடு இறங்கி வந்து மற்றக் கையைப் பிடித்துக்கொண்டான். கார்டைக் காட்ட எனக்குக் கை மிஞ்சவில்லை. லீலாதான் என் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். அங்கே நின்ற பையன் பார்த்துவிட்டு, நல்லா இருங்க என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பினான். மஹய்யாவ வரைக்கும் வண்டியில் பாட்டுத்தான்.

இப்போது என் முறைப்பாட்டைக் கேளுங்கள். கல்யாணம் முடிந்தும் உங்கள் பெண்சாதி போவதாகத் தெரியவில்லை. அடுப்படியை மாற்றிவிட்டாள். என் கோழிகளுக்குப் பெயர் வைத்திருக்கிறாள். வீரமுத்து பூச்சிமருந்துப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் பின்னால் போய் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆம்பிளைகள் எல்லோரும் கோயில் முற்றத்தில் உட்கார்ந்து பேசுகிறோம். அங்கேயும் வந்து உட்காருகிறாள். பொம்பிளைகளுக்கு இங்கே இடமில்லை என்றால், நான் கேட்ட கேள்வியில்தானே இது தொடங்கியது என்கிறாள். தயவுசெய்து வந்து கூட்டிக்கொண்டு போங்கள். அவசரம் இல்லை. மார்கழிக்குள் வந்தால் போதும், தைக்கு என்றாலும் எனக்குச் சம்மதம். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.

தினமும் காலையில் தேத்தண்ணியோடு வந்து என் முன்னால் குந்தி, இன்றைக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறாள். சுகம் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளமாட்டாள். உள்ளதைச் சொல்லவேண்டும். பாரமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறேன். சில நாள் தேத்தண்ணியை மட்டும் குடித்திருக்கிறேன், அப்போது அவளும் கூடவே குந்தியிருந்து குடித்தாள்.

இன்று காலையில் கேட்டபோது, "பசிக்குது" என்றேன்.

எழுந்து அடுப்படிக்குப் போனாள். ரொட்டியைத் தட்டிக் கல்லில் போட்டுவிட்டு, முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள். ரொட்டி கருகிவிட்டது மச்சான். முழுவதையும் தின்றேன், இன்னொன்று கேட்டேன்.

உங்கள் வரவை எதிர்பார்த்து, ஆனால் அவசரப்படுத்தாமல்,
கறுப்பையா